போலந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் ஏன் மூடிக்கிடக்கின்றன? மதமா, அரசியலா?

கேள்வியோடு இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: படிக்கவோ வேலைக்கோ அங்கே போகிறவர் இதை எப்படிச் சமாளிப்பது என்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், இது தொழிற்சங்கம் கேட்டு வாங்கிய சட்டம். கத்தோலிக்கத் திருச்சபை கைகொடுத்தது, அன்றைய ஆளுங்கட்சி நிறைவேற்றியது. 2018 ஜனவரி 10-ல் இயற்றப்பட்டு மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. முதலில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கடை திறக்கலாம் என்று இருந்தது. 2019-ல் அது மாதக் கடைசி ஞாயிறு மட்டும் என்று சுருங்கியது. 2020-லிருந்து ஆண்டுக்கு ஏழே ஏழு. 2025 முதல் எட்டு.

அந்த எட்டும் எவை என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் கடைசி ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று ஞாயிறுகள். 2026-க்குக் கணக்குப் போட்டால் ஜனவரி 25, மார்ச் 29, ஏப்ரல் 26, ஜூன் 28, ஆகஸ்ட் 30, டிசம்பர் 6, 13, 20. உள்ளூரில் இவற்றை ‘நிஜேலா ஹண்ட்லோவா’, அதாவது வியாபார ஞாயிறு, என்பார்கள். வாரக் கடைசி நெருங்கினால் செய்தித் தளங்களில் ‘இந்த ஞாயிறு கடை உண்டா?’ என்ற தலைப்பு தவறாமல் வரும். இத்தனை வருடம் ஆகியும் போலந்துக்காரர்களுக்கே அது மனப்பாடமாகவில்லை.

ஞாயிறை விடப் பெரிய பொறி, அரசு விடுமுறையும் ஞாயிறும் அடுத்தடுத்து வருவது. அரசு விடுமுறை நாட்களில் கடை திறக்கத் தடை 2007-லிருந்தே இருக்கிறது. 2026 ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, மாதா விண்ணேற்பு விழா, மறுநாள் ஞாயிறு. ஆக, வெள்ளி இரவோடு கடை மூடினால் திங்கள் காலையில்தான் திறக்கும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கல்லாவை மூடிவிடுவார்கள். ஞாயிறும் திங்களும் விடுமுறை. நம்மூரில் விடுமுறையான புனித வெள்ளி அங்கே வேலை நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை எதுதான் திறந்திருக்கும்? பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, பூக்கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, உணவகம், ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், பத்திரிகையும் சிகரெட்டும் பேருந்துச் சீட்டும் விற்கும் பெட்டிக்கடைகள், நினைவுப்பொருளும் ஜெபமாலையும் விற்கும் கடைகள். மால்களில் சினிமாவும் சாப்பாட்டுக் கடைகளும் நடக்கும்; துணிக்கடைகளில் மட்டும் ஷட்டர் இறங்கியிருக்கும். பியெட்ரோன்கா, லிடில், காவ்ஃப்லாண்ட், டினோ போன்ற பெரிய சங்கிலிக் கடைகள் மூடல். அன்று சரக்கு அடுக்கவோ கணக்கெடுக்கவோ ஆளைக் கூப்பிடவும் முடியாது. கடைசார்ந்த வேலையையும் சேர்த்தே சட்டம் தடுக்கிறது.

இதில் சுவாரசியமான விதிவிலக்கு, முதலாளியே கல்லாவில் நிற்கலாம் என்பது. பச்சைப் பலகை மாட்டிய ஜாப்கா கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் ஃபிரான்சைஸ் முறையில் நடப்பவை. அதாவது கடையை நடத்துபவர் சட்டப்படி ஒரு தனி வியாபாரி. ஞாயிறன்று அவரே நின்றால் கடை திறக்கலாம். வாரம் ஆறு நாள் கடை நடத்திவிட்டு ஏழாம் நாளும் தானே நிற்பது யாரால் முடியும்? அங்கேதான் தபால் வந்தது. அஞ்சல் சேவை நடக்கும் இடங்களுக்கு விலக்கு உண்டு. பார்சல் வாங்கித் தருவதும் அஞ்சல் சேவைதான் என்று ஜாப்கா வாதாட, மற்ற சங்கிலிக் கடைகளும் பின்னாலேயே வந்தன. 2021-ல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளே ‘தபால் நிலையம்’ ஆகிவிட்டன.

அரசு 2022 பிப்ரவரி 1 முதல் ஓட்டையை அடைத்தது. தபால் போன்ற சேவையைக் காட்டி விலக்குக் கேட்டால், மாத வருவாயில் குறைந்தது 40 சதவீதம் அதிலிருந்து வரவேண்டும், அதற்குத் தனிக் கணக்கும் வைக்க வேண்டும். பார்சலில் 40 சதவீதம் எந்த மளிகைக் கடைக்கு வரும்? உடனே சிலர் சட்டத்திலிருந்த வேறு விலக்குகளைத் தேடி, கடைக்குள் வாசகர் மன்றம் ஆரம்பித்தார்கள். செக் எல்லையில் இருக்கும் சியெஷின் நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட், தான் பேருந்துப் பயணிகள் காத்திருக்கும் இடம் என்று சொல்லித் திறந்தது. தொழிலாளர் ஆய்வாளர்கள் வந்து பிடித்தால் அபராதம் 1,000 ஸ்வோட்டியிலிருந்து (போலந்து நாணயம்) 1,00,000 வரை போகலாம். அதே திருத்தத்தில் ஒரு சலுகையும் வந்தது: முதலாளிக்கு அவருடைய குடும்பத்தார் சம்பளமில்லாமல் உதவலாம். இன்று ஞாயிறன்று ஜாப்காவில் கணவனும் மனைவியும், அல்லது கல்லூரி போகும் மகனும் நிற்பது அதனால்தான். ஆளே இல்லாமல் கேமராவும் சென்சாரும் வைத்து நடக்கும் ஜாப்கா நானோ கடைகளும் உண்டு. சட்டம் தடுப்பது ஆளை வைத்து வேலை வாங்குவதை. ஆளே இல்லையென்றால் யாரைத் தடுப்பது?

எனவே பாலோ ரொட்டியோ அவசரமென்றால் ஜாப்கா உண்டு, விலை கூடுதலாக இருக்கும். வாரச் சாமான் அங்கே வாங்கினால் கட்டுப்படியாகாது. எல்லா ஜாப்காவும் திறக்காது, திறந்தாலும் நேரம் குறைவாக இருக்கலாம். அவர்களுடைய செயலியில் கடை வாரியாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாரச் சாமான் சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். போலந்தில் ஞாயிறு மதியச் சாப்பாடு என்றால் நூடுல்ஸ் போட்ட கோழி சூப், பிறகு ரொட்டித்தூளில் பொரித்த பன்றிக் கறியும் உருளைக்கிழங்கும். அந்த சூப்புக்கு காரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, லீக் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி விற்பார்கள். சனி மாலை ஏழு மணிக்குப் போனால் அந்தக் கூடையில் இரண்டு வாடிய காரட்தான் மிஞ்சியிருக்கும், கல்லா வரிசை பால் அலமாரி வரை நீண்டிருக்கும். அதேசமயம் மறுநாள் கடை இல்லாததால், தேதி முடியப் போகும் கறிக்கும் ரொட்டிக்கும் சனி இரவில் விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளும் உண்டு. அதற்காகவே காத்திருந்து போகிற மாணவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அரசியல். போலந்து என்றால் ஒரு பக்கம் தாராளவாதிகள், மறுபக்கம் மதச்சார்புள்ள பழமைவாதிகள் என்றுதான் நம் செய்திகளில் படிக்கிறோம். தேர்தல் முடிவுகளும் அப்படித்தான் தோன்ற வைக்கின்றன. 2025 ஜூன் 1-ல் நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீதம், வார்சா மேயர் ரஃபால் ட்ஷாஸ்கோவ்ஸ்கி 49.11 சதவீதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கடை இந்தக் கோட்டுக்குள் அடங்காது.

இந்தச் சட்டத்துக்காகக் கையெழுத்து வாங்கியது சாலிடாரிட்டி தொழிற்சங்கம், 2016-ல், ஐந்து லட்சத்துக்கும் மேல். 1980-ல் லேக் வலேசா தலைமையில் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் கம்யூனிஸ்ட் அரசை மண்டியிட வைத்தார்களே, அவர்களேதான். அன்று வைத்த 21 கோரிக்கைகளில் கடைசிக் கோரிக்கை எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை வேண்டும் என்பது. அந்த ஒப்பந்தத்தின் பலனாகத்தான் ஞாயிறு திருப்பலி வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. ஓய்வு நாளும் திருப்பலியும் ஒரே தாளில் கேட்கப்பட்ட மண் அது. ஆகவே ஞாயிறு விடுமுறையை மதம் என்று ஒதுக்கினால் தொழிலாளர் அரசியல் விடுபட்டுப்போகும், தொழிலாளர் உரிமை என்று மட்டும் சொன்னால் பாதிரியார்கள் விடுபட்டுப்போவார்கள்.

2015 முதல் 2023 வரை ஆண்ட சட்டமும் நீதியும் கட்சி, கலாச்சாரத்தில் வலது, பணம் கொடுப்பதில் இடது. குழந்தைக்கு மாதம் 500 ஸ்வோட்டி திட்டத்தை 2016-ல் கொண்டுவந்ததும் அவர்களே. 2024 முதல் அது 800. ஞாயிறு தடை அவர்களுக்கு இரண்டு பக்கமும் பொருந்தியது. எதிர்ப்பக்கம், பிறகு பிரதமரான டொனால்ட் டஸ்க்கின் தேர்தல் அணி, 2023 தேர்தலில் தந்த நூறு வாக்குறுதிகளில் இந்தத் தடையை நீக்குவோம் என்பதையும் சேர்த்திருந்தது. கூடவே, ஊழியருக்கு மாதம் இரண்டு வாரக் கடைசி விடுப்பு, விடுமுறையில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். அந்த ஆண்டு அக்டோபர் 15-ல் 74 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், ஆட்சி மாறியது. ஆனால் 2025 முடியும்வரை தடை அப்படியே இருந்தது.

ஏன்? டஸ்க் அமைத்த ஆளும் கூட்டணிக்குள்ளேயே இடதுசாரிகள் இருக்கிறார்கள். தொழிலாளர் அமைச்சர் அக்னியெஷ்கா ஜெமியனோவிச்-பொங்க் அந்த அணிக்காரர், ஞாயிறு திறப்பை எதிர்ப்பவர். அதே கூட்டணியின் ரிஷார்ட் பெட்ரு, சந்தைப் பொருளாதாரத்தை நம்பும் பொருளாதார நிபுணர், மாதம் இரண்டு ஞாயிறு திறக்க மசோதா கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. நடந்தது நேர் எதிர்: இடதுசாரிகள் கேட்டபடி டிசம்பர் 24-ம் அரசு விடுமுறையானது. அதற்குக் கையெழுத்திட்டது பழமைவாத அதிபர் ஆண்ட்ஷெய் டூடா. அதற்கு ஈடாகத்தான் டிசம்பரில் மூன்றாவது ஞாயிறு கடைகளுக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு ஊழியரை அந்த மூன்றில் இரண்டு ஞாயிறுக்கு மேல் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. விடுமுறையை எதிர்த்துப் பேசிய பெட்ருவை, ‘அவ்வளவு சுலபமென்றால் நீங்களே வந்து கல்லாவில் உட்காருங்கள்’ என்ற தோரணையில் சீண்டினார்கள். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் பியெட்ரோன்காவில் வேலை செய்யப் போக, நாடே ஒரு நாள் அதைப் பற்றிப் பேசியது.

இனி நீக்குவது இன்னும் கடினம். நவ்ரோட்ஸ்கியைச் சாலிடாரிட்டி வெளிப்படையாக ஆதரித்தது. அவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால், அதை மீற நாடாளுமன்றக் கீழவையான செய்மில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 460 பேரும் வந்தால் 276 வாக்கு. டஸ்க்கிடம் அது இல்லை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்? கருத்துக்கணிப்பு எடுத்தால் நாடு ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கிறது. ‘தடை வேண்டுமா’ என்பதற்கு ஒரு பதில், ‘கடை ஊழியருக்கு ஓய்வு வேண்டுமா’ என்பதற்கு வேறு பதில் என்று கேள்வியைப் பொறுத்தும் சாய்கிறது. கல்லாவில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெருநகர இளைஞர் முணுமுணுத்தாலும், அவருடைய அத்தையோ சித்தியோ கடையில் வேலை பார்ப்பவராக இருந்தால் குரல் தணிந்துவிடும். திருச்சபை எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் 2017-ல் 38.3 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு, 2023-ல் 29. மால் மூடினால் தேவாலயம் நிறையும் என்று நம்பியவர்கள், பூங்காவும் வீட்டு சோபாவும் இருப்பதை மறந்துவிட்டார்கள். சிறு கடைகளைக் காப்பாற்றும் என்பதும் அரைகுறையாகவே பலித்தது. பெரிய சங்கிலிகள் தள்ளுபடியை வெள்ளி, சனிக்கு நகர்த்தின. ஞாயிறின் லாபத்தில் பெரும்பங்கை ஜாப்கா அள்ளியது.

வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று. ‘ஞாயிறு கடை திறந்திருக்கிறது, ஒத்தாசைக்கு வா’ என்று தெரிந்த கடைக்காரர் கூப்பிட்டால் யோசியுங்கள். நிரந்தர வேலை ஒப்பந்தம் இல்லாமல், மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் இருப்பவரையும் தடை கட்டுப்படுத்தும். சம்பளமில்லா உதவி என்ற சலுகை குடும்பத்தாருக்கு மட்டும். அபராதம் முதலாளிக்குத்தான் என்றாலும், வேலை அனுமதியை நம்பி இருப்பவருக்கு ஆய்வாளர் குறிப்பேட்டில் பெயர் ஏறுவது நல்லதல்ல. உணவகம், ஹோட்டல், உணவு டெலிவரி ஆகியவற்றில் ஞாயிறு வேலை சட்டப்படியே கிடைக்கும். நிரந்தர ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஞாயிறு வேலைக்குப் பதில் வேறு நாள் விடுப்பு தர வேண்டும், முடியாவிட்டால்தான் நூறு சதவீதக் கூடுதல் சம்பளம். ‘ஞாயிறு என்றாலே இரட்டைச் சம்பளம்’ என்று யாராவது சொன்னால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு நம்புங்கள். விடுமுறை சனிக்கிழமையில் விழுந்தால் வேறொரு நாள் கேட்டு வாங்கலாம், ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான்.

2026 டிசம்பரில் அங்கே இருப்பவர்கள் கவனிக்க: 24 வியாழன், 25 வெள்ளி, 26 சனி மூன்றும் விடுமுறை, 27 ஞாயிறு. நான்கு நாள் தொடர்ந்து சூப்பர் மார்க்கெட் கிடையாது. அரிசி, பருப்பு, பால், தினசரி மாத்திரை எல்லாம் 22-ஆம் தேதிக்குள் வாங்கி வையுங்கள். 23 மாலை கடைக்குள் நுழைவதே பெரும்பாடு. மருந்துக்கடை திறக்க விலக்கு உண்டு, ஆனால் திறந்தே ஆகவேண்டும் என்றில்லை. பண்டிகை நாளில் உங்கள் ஊரில் எந்த மருந்துக்கடை முறைப்பணியில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.