குலசேகரம் அண்ணனுக்கு: மகளின் மருத்துவ ஆசை பற்றி

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

"ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற குடும்பம் டீச்சர், இவள் பன்னிரண்டு வருடம் படித்துக்கொண்டே இருந்தால் நாங்கள் எப்படித் தாங்குவோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் வேறோர் இடத்தில் நின்றுவிட்டது.

உங்கள் தங்கை மகனுக்கு வந்திருப்பது, உடம்பில் செம்பு தேங்கிவிடும் வில்சன் நோய். கை நடுங்கியது, கையெழுத்து சிதைந்தது, காரணமில்லாமல் கோபம் வந்தது, மனக்கோளாறு என்று ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டான், கடைசியில் ஒரு கண் மருத்துவர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் கண்டு சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குக் கூடப்பிறந்த ஒரு சின்னப் பெண் உண்டு என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அவளைப் பரிசோதித்துவிட்டார்களா? தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உடம்பில் செம்பு சேரத் தொடங்கி, அறிகுறி எதுவும் தெரியாத பருவத்திலேயே மருந்தைத் தொடங்கிவிட்டால் கல்லீரலும் மூளையும் தப்பிவிடும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, கண் பரிசோதனை. இந்த மூன்றையும் பற்றி அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

இனி உங்கள் மகள். "அத்தானின் கண்ணில் இருந்த வளையத்தை முதல் நாளே பார்க்கிற டாக்டர் ஆக வேண்டும்" என்று தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறாள். எவ்வளவு தெளிவான ஆசை! அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிய நோய்க்கென்றே காத்திருக்கும் மருத்துவர் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை என்று தினமும் நூறு பேரைப் பார்க்கிறவர்தான், நூற்றியோராவது ஆளிடம் ஏதோ ஒட்டவில்லையே என்று நின்று யோசிக்கிறார். பதினாறு வயதுப் பையனுக்குக் கை நடுக்கமும் மனமாற்றமும் சேர்ந்து வருவானேன் என்ற கேள்வி எழுந்தால் போதும், கண்ணைப் பார்க்க அனுப்பிவிடுவார். சாதாரண நோய்கள் அத்துப்படியானவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

படிப்புக் கணக்கு இது. எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவத்தோடு ஐந்தரை ஆண்டு. பிறகு குழந்தை மருத்துவத்திலோ பொது மருத்துவத்திலோ எம்.டி. 3 ஆண்டு. அதற்கு மேல், பரம்பரை நோய்களைப் பற்றிய மருத்துவ மரபியலில் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு இன்னொரு 3 ஆண்டு. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி நிறுவனம் போன்ற சில இடங்களில்தான் அது இருக்கிறது. ஆக, பதினொன்றரை ஆண்டு. ஆனால் அத்தனை ஆண்டும் நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. பயிற்சி ஆண்டிலிருந்தே உதவித்தொகை வரும், மேற்படிப்பிலும் வரும். உங்கள் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2020 முதல் அவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. நீட் எழுதட்டும். இடம் கிடைத்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. கடன் வாங்கி வெளிமாநிலத்துத் தனியார் கல்லூரியில் சேர்க்க நினைக்காதீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் அவள் ஆசை அழிந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்பை 'ரத்தம் எடுக்கிற வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குளங்களும் கால்வாய்களும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா, மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டால் பிழைப்பவர் மிக அரிது. 2024-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தது நாடு முழுக்கச் செய்தியானது. நோயைச் சீக்கிரமே அடையாளம் கண்டு மருந்தைத் தொடங்கினால்தான் அப்படி ஒரு வாய்ப்பாவது உண்டு. நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அமீபா அசைவற்றுப் போகும். அசையாத அமீபா வெள்ளையணு போலவே தெரியும். அறை வெப்பத்திலேயே வைத்திருந்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால், வட்டமாகக் கிடந்த ஒன்று ஒரு பக்கம் பிதுங்கி மெல்ல நகரும். அதைக் கண்டதும் எழுந்து தொலைபேசியை எடுக்கிறவர் அந்த ஆய்வுக்கூட ஊழியர். மருத்துவர் 'குளத்தில் குளித்தானா?' என்று கேட்க மறந்திருந்தால்கூட நோய் பிடிபட்டுவிடும். உங்கள் மகள் சொல்லும் 'முதல் நாளே பார்ப்பது' இந்த வேலையிலும் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வழி. உயிரியல் சார்ந்த இளநிலைப் படிப்புக்குப் பிறகு மரபியல் ஆலோசனையில் முதுநிலை. உங்கள் குடும்பத்தையே பாருங்கள். தங்கை அந்தப் பழுதான மரபணுவைச் சுமப்பவர். அவருடன் பிறந்த உங்களிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருந்தாலும் உங்களுக்கு நோய் வராது. ஆனால் நாளைக்கு முறை என்று சொல்லி உறவுக்குள்ளேயே கல்யாணம் பேசும்போது இந்தக் கணக்கு வந்து நிற்கும். அதை ஒரு தாயின் மீது பழி விழாதபடி, நம் பேச்சுமொழியில், உட்கார வைத்துச் சொல்ல ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. வேலை இருக்குமா என்று கேட்கிறீர்கள். 2021-இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையைக் கொண்டுவந்தது. அங்கீகரித்த சிறப்பு மையங்களில் தகுதியான நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. அதில் ஒரு மையம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மையங்களுக்கு மருத்துவரும் வேண்டும், ஆய்வுக்கூட ஊழியரும் வேண்டும், ஆலோசகரும் வேண்டும்.

மகளிடம், நான் ஒரு வேலை சொல்லியிருப்பதாகச் சொல்லுங்கள். அத்தானின் பழைய பள்ளி நோட்டுகளை வாங்கி, தேதி வரிசையாக அடுக்கட்டும். கையெழுத்து எந்த மாதத்தில் மாறத் தொடங்கியது, அதே மாதத்தில் வீட்டில் வேறென்ன மாற்றம் கண்டார்கள் என்று அத்தையிடம் கேட்டு, இரண்டு பக்கத்தில் எழுதட்டும். ஈரல், சிப்பி, முந்திரி இவற்றை அவன் ஏன் தவிர்க்க வேண்டும் என்பதையும் தேடிப் படித்துச் சேர்க்கட்டும். அவளுக்கு இதில் சலிப்பு வருகிறதா, சோறு மறந்து உட்கார்ந்திருக்கிறாளா என்பதைப் பக்கத்திலிருந்து கவனித்து எனக்கு எழுதுங்கள்.

தேர்வுக் கட்டணமும் சேர்க்கை விதிகளும் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த ஆண்டின் அறிவிப்பை அவளோடு சேர்ந்து நானே படித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை, வெட்டு முடிந்த பிறகு, அவளை அழைத்துக்கொண்டு, அந்த நோட்டுகளோடு வாருங்கள். உங்கள் தங்கையின் சின்னப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குள் வந்துவிட்டால் அதையும் எடுத்து வாருங்கள்.