விளக்கை அணைத்து வையுங்கள்!

வாசகர் கேள்வி – பதில்: எழுத்தில் மட்டுமே ஆடும் சாகச விளையாட்டுகள்

கே: கட்டளைகளைத் தட்டச்சு செய்து குகையில் புதையல் தேடும் பழைய 'கொலாசல் கேவ் அட்வென்ச்சர்' விளையாட்டை லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவி ஆடுகிறேன். பாதிக் குகையைக்கூடத் தாண்டவில்லை, விளக்கு அணைந்துவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

ப: தொடக்கத்திலேயே. ஆட்டம் ஆரம்பித்ததும் 'வழிமுறைகள் வேண்டுமா?' என்று கேட்கிறதே, அது வெறும் உபசாரம் அல்ல. 'வேண்டாம்' என்று சொன்னால் விளக்கின் பேட்டரி 330 நகர்வுகளுக்குத்தான் வரும். 'வேண்டும்' என்றால் 1000. அதற்கு 5 மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். மொத்தம் 350, புதிதாக ஆடுபவர் அந்த ஐந்தைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

அடுத்தது, விளக்கு எரியும்போது மட்டும்தான் கணக்கு ஓடும். புதையலை வைக்கக் குகைக்கு வெளியே உள்ள செங்கல் கட்டடத்துக்குத் திரும்பியதும் அணைத்துவிடுங்கள். 30 நகர்வு மிச்சமிருக்கும்போது ஒளி மங்குவதாக எச்சரிக்கை வரும். குகைக்குள் ஓர் இயந்திரத்தில் காசைப் போட்டால் புது பேட்டரி கிடைக்கும், 2500 நகர்வுக்குத் தாங்கும். ஆனால் அந்தக் காசும் ஒரு புதையல்தான். செலவழித்தால் அதற்குரிய மதிப்பெண் போச்சு.

விளக்கு போன பிறகு தட்டுத் தடுமாறி நடக்காதீர்கள். இருட்டிலிருந்து இன்னொரு இருட்டறைக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் குழியில் விழ 35 சதவீத வாய்ப்பு என்று நிரலிலேயே எழுதியிருக்கிறது.

கே: பாம்பு வழியை மறிக்கிறது. பறவையைப் பிடிக்கப் போனால் மிரளுகிறது. கூண்டு கையில்தான் இருக்கிறது!

ப: கூண்டு இருக்கிறது சரி, கறுப்புக் கோலும் இருக்கிறதே! பறவை பயப்படுவது அதைப் பார்த்துத்தான். கோலைக் கீழே போடுங்கள், பறவையைப் பிடியுங்கள், பிறகு கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு இருக்கும் மண்டபத்தில் பறவையைத் திறந்துவிட்டால் அது பாம்பை விரட்டிவிடும். கோலை அங்கேயே மறந்துவிட்டு வராதீர்கள். பெரும் பிளவின் ஓரத்தில் அதை அசைத்தால்தான் படிகப் பாலம் தோன்றும்.

இன்னொன்று. மூல ஆட்டம் ஒரு சொல்லின் முதல் 5 எழுத்துகளை மட்டுமே படிக்கும். வடகிழக்குக்கு 'நார்த்ஈஸ்ட்' என்று முழுதாகத் தட்டினால் வடக்கே போய் நிற்பீர்கள். சுருக்கமான 'என்ஈ' போதும்.

கே: புதிர்ப்பாதையில் அறைக்கு அறை ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைக்கச் சொல்கிறார்கள். இதே வகை ஆட்டமான 'ஸோர்க்'கில் செய்து பார்த்தேன், போட்ட பொருள்கள் இடம் மாறிவிட்டன.

ப: திருடன் வேலை. ஸோர்க்கில் புதிர்ப்பாதைக்குள் போட்டதை அவன் எடுப்பான், வேறு அறையில் போடுவான். 'இந்த அருமையான பொருள் இங்கே என்ன செய்கிறது?' என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டால், உங்கள் அடையாளம் ஒன்று பறிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைத் தீர்க்கும் வரை சில நகர்வுக்கு ஒருமுறை சேமித்துவைத்து ஆடுங்கள்.

கொலாசல் கேவில் இந்த முறை நன்றாகவே செல்லும். அங்கேயும் ஒரு கொள்ளைக்காரன் உண்டு, ஆனால் அவனுக்குப் புதையல்மேல்தான் கண். ஆகவே சாவி, உணவு, புட்டி போன்றவற்றை மட்டும் போடுங்கள். கையில் 7 பொருளுக்கு மேல் நிற்காது. வரைபடத்தைவிட அட்டவணை நல்லது: இடப்பக்கம் அறைகள், மேலே திசைகள், கட்டத்துக்குள் போய்ச் சேரும் அறை. வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய அறை வரும் என்று நம்பிக் கோடு போட்டால், அரை மணி நேரத்தில் காகிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள்.

கே: கொலாசல் கேவில் வரும் அந்தக் குகை நிஜமா?

ப: நிஜம். அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகையின் ஒரு பகுதி. நிரலாளரும் குகை ஆய்வாளருமான வில் கிரவுதர் 1975–76இல் அதை வைத்து ஆட்டத்தை எழுதினார். 1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டான் உட்ஸ் அந்த ஆட்டத்தை விரிவாக்கினார்.

கே: இன்றைய விளையாட்டுகளில் இதன் சாயல் எங்கே?

ப: 'அட்வென்ச்சர்' என்ற வகைப் பெயரே இதிலிருந்து வந்ததுதான். இதை ஆடிய ராபர்ட்டா வில்லியம்ஸ், 1980இல் படங்களோடு கூடிய சாகச ஆட்டத்தை வடிவமைத்தார். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே நேரத்தில் ஆடும் 'மட்' பிறந்தது. இன்றைய இணையவழிக் கூட்டாட்டங்களுக்கு அது முன்னோடி.

ஆனாலும் என்னைக் கேட்டால், பெரிய சொத்து 'இசட் மெஷின்'தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெரிய கணினியில் எழுதிய ஸோர்க், வீட்டுக் கணினிக்குள் அடங்கவில்லை. இன்ஃபோகாம் நிறுவனத்தார் அதை மூன்றாக வெட்டினார்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனியாக எழுதாமல், கற்பனை இயந்திரம் ஒன்றுக்கு எழுதினார்கள். அதுதான் இசட் மெஷின். கதைக்கோப்பு ஒன்றேதான், அதைப் படித்து இயக்கும் சிறு நிரல் மட்டும் கணினிக்குக் கணினி மாறும். 1980இன் கதைக்கோப்பை இன்று கைபேசியில் 'ஃப்ராட்ஸ்' என்ற செயலி திறப்பது இதனால்தான்.

கே: தமிழில் இப்படி ஒன்று எழுத முடியுமா?

ப: முடியும், பைத்தான் என்ற நிரல்மொழி போதும். சிக்கல் வேற்றுமை உருபில் வரும். 'மரம்' என்று பொருளுக்குப் பெயர் வைப்பீர்கள், ஆடுபவர் 'மரத்தை வெட்டு' என்பார். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் மரம், மரத்தை, மரத்தால், மரத்தில், மரத்துக்கு என்று வடிவங்களைச் சேர்த்தே பட்டியலிடுங்கள். ஒருவர் 'கதவைத் திற' என்பார், இன்னொருவர் 'கதவை திற' என்பார். முதலில் உள்ளபடி தேடுங்கள்; கிடைக்காவிட்டால் கடைசி க், ச், த், ப்-ஐ நீக்கித் தேடுங்கள். 'கொ'வில் உள்ள துணை எழுத்தை ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் பதிக்க முடியும் என்பதால், தேடுமுன் யூனிகோடை, ஒரே குறியாகச் சேர்த்துவிடும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொம்பு' நிரலுக்கு இரண்டாகும்.

ஒரு லாபமும் உண்டு. 'சாவியால் கதவைத் திற', 'கதவைச் சாவியால் திற' இரண்டும் ஒன்றே. எது கருவி, எது திறக்கப்படுவது என்று உருபே சொல்லிவிடுவதால் சொல்வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலில் மூன்று அறை, ஐந்து பொருள் போதும். நண்பர் ஒருவரை ஆட விட்டு, நிரல் 'புரியவில்லை' என்று சொன்ன வாக்கியங்களை எல்லாம் ஒரு கோப்பில் சேமியுங்கள். அடுத்து எதைச் சேர்ப்பது என்பது அதில் இருக்கும்.