கொழும்பில் மூன்று வாரக் கற்பித்தல் பயிற்சி, தங்குவது ஒரு தமிழ்க் குடும்பத்தோடு: எப்படித் தயாராவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: கோவையில் பி.எட். படிக்கிறீர்கள், பாடம் அறிவியல். ஜூன் மாதம் கொழும்பில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் மூன்று வாரம் வகுப்பெடுக்க வருகிறீர்கள், அங்கே வெள்ளவத்தைப் பகுதியில் ஒரு குடும்பத்தோடு தங்குவீர்கள். "மொழிப் பிரச்சினை இல்லையே, பெரிதாகத் தயாராக என்ன இருக்கிறது?" என்று தோழிகள் சொல்கிறார்கள்.

நான் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன், விஞ்ஞான ஆசிரியை. இதுவரை மூன்று ஆசிரிய மாணவிகள் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். இருவர் தமிழ்நாடு, ஒருவர் மலேசியா. அதை வைத்துச் சொல்கிறேன்: தயாராக வேண்டும், அதுவும் முக்கியமாக மொழியில்தான்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். தரம் 11 பிள்ளைகளுக்கு ஒரு அலகைத் தொடக்கி வைக்கும்படி, அப்படி எங்கள் வீட்டில் தங்கிய ஒரு தங்கையிடம் கொடுத்திருந்தேன். படம் அழகாக வரைந்திருந்தார், குரலும் தெளிவு. பலகையில் பெரிதாக 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதினார். வகுப்பு அமைதியாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "மிஸ், மகரந்தச்சேர்க்கை மாதிரியோ?" என்று கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை. அவள் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் பெயர் ஒளித்தொகுப்பு. அவளுக்குத் தெரிந்த ஒரே சேர்க்கை மகரந்தச்சேர்க்கை. அதற்குப் பிறகு ஆக்சிஜன், கார்பன் டை ஆக்ஸைடு, ஸ்டார்ச் என்று வரவர, பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுச் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்கள். இங்கே அவை ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, மாப்பொருள். அன்று பின்னேரம் அந்தத் தங்கை எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அழுதார். அவருடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை. வருமுன் நான் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு இப்போதே சொல்கிறேன்.

உங்கள் அறிவியல் எங்களுக்கு விஞ்ஞானம். இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல், ஹைட்ரஜன் ஐதரசன், செல் கலம். கணித வகுப்புக்குள் போனால் முக்கோணம் முக்கோணி ஆகிவிடும். வகுப்பறைச் சொற்களும் அப்படித்தான். தலைமையாசிரியர் அதிபர், எட்டாம் வகுப்பு தரம் 8, பருவம் தவணை, மதிப்பெண் புள்ளி, நோட்டு கொப்பி, ஸ்கேல் அடிமட்டம், சாக்பீஸ் வெண்கட்டி. "ஸ்கேல் எடுங்க" என்றால் பெரிய பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள், தரம் 6 பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி சுலபம். இங்கே பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடுகிறது. தமிழ்மொழிப் புத்தகங்கள் எல்லாம் அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் கிடைக்கும். எந்தத் தரம், எந்த அலகு என்று பாடசாலையிடம் இப்போதே கேளுங்கள். அந்த அலகைப் பதிவிறக்கி, தெரியாத சொல் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: அங்கே என்ன, இங்கே என்ன. பிறகு பாடக்குறிப்பை இங்குள்ள சொல்லிலேயே எழுதி, ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சத்தமாகச் சொல்வது மிக முக்கியம், வாய் பழகாவிட்டால் வகுப்பில் பழைய சொல்தான் வரும். எங்கள் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவது. உங்களுக்கு ஜூனில் புது வகுப்பு, எங்களுக்கு அது ஆண்டின் நடுப்பகுதி. பிள்ளைகள் எதுவரை படித்துவிட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் சொல் தடுக்கும். எங்கள் வீட்டில் தங்கிய இன்னொருவர், வந்த மறுநாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டு அன்ரியைக் கண்டு, "அம்மா எங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அந்த அன்ரி நேரே மேலே வந்து என் அம்மாவிடம், "வந்த பிள்ளையை ஏன் பேசினனீங்கள்?" என்று கேட்டா. எங்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. நீங்கள் சொல்லும் பேச்சு எங்களுக்குக் கதை. "அம்மாவோடு கதைத்தேன்" என்று சொல்லிப் பழகுங்கள். சாவி திறப்பு, சமையலறை குசினி, காரம் உறைப்பு, பேக்கரியில் வாங்கும் பிரெட் பாண்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை மறைக்காதீர்கள். நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் வருமுன்பே குடும்பத்துக்கு எழுதுங்கள். இங்கே தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச்சம்பலிலும் மாசி போடுவது வழக்கம். மாசி என்பது காயவைத்த மீன், இடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. கடையில் வாங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். இறைச்சி, மீன் சாப்பிடுபவராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பல தமிழ் வீடுகளில் மரக்கறிதான். கறித்தூளும் கொஞ்சம் உறைப்பு. எங்கள் வீட்டில் தங்க வருபவர்களிடம் என் அம்மா முதல்நாள், "என்ன பிள்ளை, உறைப்போ?" என்று கேட்பா. "இல்லை அன்ரி, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரால் வயிற்றை நிரப்பாதீர்கள். ஆம் என்று சொன்னால், அடுத்த நாள் உங்களுக்காகவே தேங்காய்ப்பால் கூடுதலாக விட்டுச் சொதி வைப்பார்கள். தங்க வைக்கும் வீட்டுக்குப் பாரம், நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான். காலை எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள், இரவு எத்தனை மணிவரை விளக்கு எரிய வேண்டும், பின்னேரம் தாமதமானால் யாருக்கு அழைப்பீர்கள் என்ற மூன்றையும் முதல்நாளே கதைத்துவிடுங்கள்.

பாடசாலை பெரும்பாலும் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். அரச பாடசாலைகளில் ஆசிரியைகள் சேலைதான் உடுப்பது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, வெயிலும் புழுக்கமும் அதோடு சேர்ந்தே வரும். பட்டு வேண்டாம், சீக்கிரம் காயும் பருத்தி அல்லது கலப்புத் துணியில் நான்கு போதும். குடை கட்டாயம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் வரிசையாக வரும், காலை நேரத்தில் நெரிசல் அதிகம். இறங்கும்போது 'பஹினவா' என்றால் நடத்துனருக்குப் புரியும், நன்றிக்கு 'ஸ்தூதி'. இந்த இரண்டு சிங்களச் சொல்லைச் சொல்லும்போது எதிரே வரும் சிரிப்புக்காகவாவது கற்றுக்கொள்ளுங்கள். சுவரில் சதுர முள் பிளக்தான் இப்போதைய தரம், ஒரு அடாப்டர் கொண்டுவாருங்கள். ஜூன் பௌர்ணமி 'பொசன் போயா' என்ற பௌத்தத் திருநாள், அன்று விடுமுறை. மூன்று வாரத்தில் ஒரு நாள் போனால் பாடத்திட்டம் குலையும், நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

விசா பற்றி ஒன்றுதான். வகுப்பெடுப்பது சுற்றுலா அல்ல. எந்த விசா என்பதை உங்கள் கல்லூரியும் இங்குள்ள பாடசாலையும் எழுத்தில் உறுதி செய்யட்டும், அதன் பிறகே டிக்கெட் எடுங்கள். கல்லூரி, பாடசாலை இரண்டின் கடிதப் பிரதிகளும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம், இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். கொழும்பில் ஒரே வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை எல்லோரும் இருக்கலாம். ஒவ்வொருவர் பேச்சும் வேறு. "நம்மூர்த் தமிழ் மாதிரி இருக்கு" என்று ஒருவரை மட்டும் பாராட்டினால் மற்றவர் காதில் அது வேறு மாதிரி விழும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களும் இருக்கின்றன. அக்கறையோடுதான் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் யுத்தத்தைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள், வகுப்பில் ஒருபோதும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு தங்கை தங்கியிருந்தபோது, அம்மா இரண்டாவது வாரத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொல்லத் தொடங்கினா. அந்தத் தங்கை ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இன்றைக்கும் அவரை விசாரிப்பா.

அன்பளிப்பு என்ன கொண்டுவருவது என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு போதும். பிள்ளைகளுக்கு உங்கள் ஊர் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்று கொண்டுவாருங்கள். எங்கள் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் தேடும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். மலேசியத் தங்கை அப்படித்தான் செய்தார், அந்தப் பாடவேளை மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

தரமும் அலகும் தெரிந்ததும் எழுதுங்கள். சொற்பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.