கடற்கரையோரக் காடுகளை அழித்தால் மழை குறையுமா, கூடுமா?

காடு போனால் மழையும் போகும் என்பார்கள், ஆனால் காடழிந்த கடற்கரையில் இடிமழை பெருகியதாகப் படித்தேன், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடனோ வாதிட்டுக் களைத்துப்போய் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டுமே சரி.

காட்டின் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கு, இலைகள் வழியே நீர் ஆவியாவதற்கே செலவாகிவிடுகிறது. மரங்களை வெட்டிய பின் அதே வெயில் தரையையும் அதையொட்டிய காற்றையும் சூடேற்றுவதால், கடலுக்கும் நிலத்துக்குமான வெப்ப வேறுபாடு கூடிப் பகல்நேரக் கடற்காற்று வலுக்கிறது. அது உள்ளே வரும்போது அதன் முன்விளிம்பு நிலத்தின் சூடான காற்றை மேலே தள்ள, பிற்பகலில் இடிமேகங்கள் திரள்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கரையைப் பற்றி 2022-இல் வெளியான ஆய்வு, காடழிந்த சில கடலோரப் பகுதிகளில் 30 ஆண்டுகளில் இடிமழையின் எண்ணிக்கை இருமடங்கானதைச் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு காட்டியது. புவி வெப்பமடைதலுக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

இதே செய்தியை ஓர் இதழுக்கு எழுதியபோது, மெய்ப்புப் பிரதியில் அந்தப் பத்தி முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. "காடு வெட்டுகிறவர்களுக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். காட்டை வெட்டலாம் என்று நான் சொன்னதாக இங்கும் யாராவது திரிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: சிறிது நேரத்தில் கொட்டித் தீர்க்கும் அந்த மழை, மரமில்லாத நிலத்தில் மண்ணை அரித்துக்கொண்டு வெள்ளமாக ஓடுகிறதே தவிர, பயிருக்குப் பயன்படுவது குறைவு.

வெட்டப்படும் பரப்பு விரிய விரியக் கணக்கு மாறுகிறது. வெப்பமண்டலக் காடுகளை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி, 200 கிலோமீட்டர் அளவிலான பரப்பில் காட்டின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால், மாத மழை சுமார் 0.25 மில்லிமீட்டர் குறைகிறது. கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரைச் சமவெளியிலோ மேகங்களே குறைந்தன. வறண்ட பருவத்துச் செயற்கைக்கோள் படங்களில், எல்லைக்கு அப்பால் நிகராகுவாவின் காட்டின் மேல் மேகங்கள் திரண்டிருக்க, வெட்டப்பட்ட இந்தப் பக்கம் வானம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்தச் சமவெளியைக் கடந்து மலையேறும் காற்றில் ஈரம் குறைவதால் மேகங்களின் அடித்தளம் உயர்ந்து, பனிமூட்டத்தை நம்பி வாழும் மொன்டெவெர்டே காட்டுக்கு ஈரம் எட்டாமல் போகிறது என்று 2001-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

என் கட்டுரையில் கோஸ்டா ரிகாவை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆப்பிரிக்கக் கரையையும் அதனருகே வைத்திருந்தால், எவ்வளவு பரப்பு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பருவம் என்று வாசகர்களே கேட்டிருப்பார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.