ஊராட்சி, நகராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்குவதால் உண்மையில் என்ன மாறிவிடும்? ஒரே ஒருவர் உள்ளே போய் என்ன செய்ய முடியும்?

கேட்டவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்களும் எங்களில் ஒருவர் என்றுதான் படுகிறது. அந்த நியமனத்துக்கான விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். வீட்டில் "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று சொல்லியிருப்பார்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மாறும். நிச்சயமாக மாறும். எனக்கு இது பேப்பரில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. ஒரு சாய்தளத்துக்காகப் பதினான்கு மாதம் அலைந்தவள் நான்.

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்), கையில் ஒரு ஊன்றுகோல். வடமாவட்டம் ஒன்றில், பேருந்து நிற்கும் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சில வருடங்களுக்கு முன் புதுக் கட்டடம் வந்தது. நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். வாசலில் சாய்தளமும் கட்டி, நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருந்தார்கள். திறப்பு விழாவன்று பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். நுங்கு வெட்டப் பனை ஏறியவன் மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறார்கள். அதைக் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்துவிடும். உட்கார்ந்தே இருப்பதால் வருகிற புண்ணையும் அடிக்கடி காட்ட வேண்டும்.

ஒரு நாள் அவன் அம்மா கடைக்கு வந்து, "இனிமே அங்க போகமாட்டேன்னு அடம்பிடிக்கிறான், நீ கொஞ்சம் சொல்லும்மா" என்றார். என்ன காரணம் என்று அவனிடம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான். சாய்தளத்தில் அவனை ஏற்ற பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும். போன தடவை பாதி ஏறும்போது அவன் சக்கர நாற்காலி வண்டியின் முன் சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டன. அவன் பின்பக்கமாகச் சாய்ந்ததில் டியூப் பை கழன்று, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் வேட்டி நனைந்துவிட்டது. அங்கே மாத்திரை வாங்க நின்றவர்களில் அவனோடு படித்த பெண் ஒருத்தியும் இருந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கழுத்தில் கிடந்த டேப்போடு அங்கே போனேன். தெரிந்த கொத்தனார் அண்ணன் ஒருவர் நீளமான சட்டமும் ரசமட்டமும் எடுத்து வந்தார். தரையிலிருந்து வாசல் வரை உயரம் 27 அங்குலம். சாய்தளத்தின் நீளத்தை அளக்க என் டேப் போதவில்லை, அது 60 அங்குலம்தான். ஒருமுறை முழுசாக வைத்து, துணியில் போடுகிற சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி வைத்தேன். இன்னொரு 24. மொத்தம் 84 அங்குலம், அதாவது ஏழு அடி.

விதிப்படி எவ்வளவு இருக்க வேண்டும் தெரியுமா? ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். சுலபமாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை அங்குலம் உயரமோ அத்தனை அடி நீளம். எங்கள் ஊரில் 27 அடி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு அடி. அதற்கு மேல் தரையை வழவழவென்று பூசியிருந்தார்கள். மழை நாளில் என் ஊன்றுகோலே வழுக்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். சாய்தளம் முடிகிற இடத்தில் நிற்க இடமில்லாமல் நேராகக் கதவு.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனேன். அது நடந்த மண்டபத்துக்கு ஐந்து படி. காலிப்பரோடு ஏறுவேன், ஆனால் இறங்கும்போது யாராவது பிடிக்க வேண்டும். அதனால் இணைப்புச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டரிலேயே வெளியே உட்கார்ந்திருந்தேன். வருகைப் பதிவேட்டை வெளியே கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று ஒலிபெருக்கியில் பாதிதான் கேட்டது. ஆக, பதிவேட்டின்படி நான் கிராம சபையில் கலந்துகொண்டவள்.

கூட்டம் முடிந்து வந்த ஊராட்சிச் செயலரிடம் மனுவைக் கொடுத்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, சாய்தளம் இருக்குதே. போட்டோ எடுத்து, பில்லும் பாஸ் ஆயிடுச்சு. இருக்கறதுக்கு மறுபடி எப்படி நிதி கேக்கறது?" அவர் கெட்டவர் இல்லை, எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார். ஊர்ப் பெயரை நான் எழுதாததற்கு அவரும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது: சாய்தளம் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளதால் மனு முடிக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். இல்லாத வசதியைக் கேட்டால் கூட என்றாவது கிடைத்துவிடும். உதவாத வசதி ஒன்று காகிதத்தில் ஏறிவிட்டால் அதைப் பெயர்ப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கட்டட மதிப்பீட்டின் (எஸ்டிமேட்) நகலைக் கேட்டேன். வந்தது. அதில் "சாய்தளம் - 1" என்று ஒரு வரி. நீளம் இல்லை, சரிவு இல்லை. கட்டியவரைத் திட்டியும் பயனில்லை, அவருக்குக் கொடுத்த தாளிலேயே அளவு இல்லை. அந்த மதிப்பீடு போட்ட அன்று அந்த அறையில் எங்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருந்தால், "எத்தனை அடி நீளம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்போம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு நிமிஷம்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையெல்லாம் எங்களுக்கு ஏற்றபடி மாற்ற ஐந்து வருடம் கெடு. அது 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 89-வது பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் எழுதி, அளவுகளோடு, கொத்தனார் அண்ணன் வரைந்து கொடுத்த படத்தையும் வைத்து, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பிரிவு எண்கள் எனக்கெங்கே தெரியும்? எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் ஒரு பார்வையற்ற ஆசிரியர் போனிலேயே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் பொறியாளர் ஒருவர் வந்தார். தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். "சார், நீங்களே ஒரு தடவை தள்ளிப் பாருங்க" என்றேன். தள்ளினார். பாதியில் நின்றுவிட்டார், முன் சக்கரம் தூக்கியது. இறக்கிவிட்டு, எதுவும் பேசாமல் தன் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். 27, 84. என் அளவுதான்.

இப்போது இருக்கிற சாய்தளம் சுவரை ஒட்டிப் போய், நடுவில் வண்டியைத் திருப்ப இடம் விட்டு, மறுபடி திரும்பி ஏறுகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி. சிமெண்ட் காய்வதற்கு முன் கரண்டியால் குறுக்கே வரி இழுத்திருக்கிறார்கள், வழுக்காது. முதல் நாள் அந்தத் தம்பி யாரையும் தொடவிடாமல் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினான். திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். அவன் அம்மா கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கருத்துப் பகுதியில் எழுதப்போவது எனக்குத் தெரியும். "அதுதான் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்களே, பிறகு எதற்குச் சாய்தளம்?" என்பீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை மருத்துவர் வந்து தம்பியின் கால்களை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார். நர்ஸும் வருகிறார். ஆனால் டாக்டரை நேரில் பார்க்க, ரத்தம் கொடுக்க, திடீரென்று காய்ச்சல் என்றால் ஓட, கட்டடத்துக்குத்தானே போக வேண்டும்? மருந்து வீடு தேடி வருகிறது என்பதற்காக நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது.

இன்னொன்றும் சொல்வீர்கள்: நியமனம் என்றால் கட்சிக்கு வேண்டியவருக்குத்தான் கிடைக்கும், அவர் தலையாட்டிவிட்டு வருவார் என்று. இருக்கலாம். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. 2025 ஏப்ரலில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இந்த நியமனத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்தபோது கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், நகர்ப்புறத்தில் 650 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் வாய் திறப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் வாய் திறக்காதவர் என்றாலும் அவர் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். அப்போது கூட்டம் ஐந்து படி ஏறி நடக்க முடியாது. அதுவே போதும் எனக்கு, தொடக்கத்துக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வேறு எங்கும் சொல்ல இடமில்லை. எனக்கு நாற்பத்து நான்கு வயதில் நல்ல காலான இடது கால் தளர ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் உடம்பு அப்படியே துவண்டுவிடும். மூன்று டாக்டரிடம் காட்டினேன். "வயசாகுதும்மா, எடையைக் குறை, நிறைய நட" என்றார்கள். நடந்தேன், இன்னும் மோசமானது. காலிப்பருக்கு அளவு கொடுக்கச் சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போனபோதுதான், போலியோ வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்து இப்படி மறுபடி தசை தளரும், மிஞ்சிய நரம்புகள் இத்தனை வருடம் இரட்டை வேலை பார்த்துச் சோர்ந்துபோகின்றன என்று ஒருவர் உட்காரவைத்துச் சொன்னார். வேலைக்கு நடுவே ஓய்வு எடுக்க வேண்டும், உடம்பை வருத்தி நடக்கக்கூடாது என்றார். நான் இரண்டு வருடம் நேர்மாறாகச் செய்திருக்கிறேன்.

இந்தியாவில் கடைசியாகப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்தது. பெருமைதான், நானும் என் அக்கா பிள்ளைகளைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள். ஆனால் அதற்கு முன்னால் போலியோ வந்த நாங்கள் இத்தனை பேர் இன்னும் இருக்கிறோம். எங்கள் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நல்ல காலில் புதிதாகத் தளர்ச்சி தெரிந்தால், வயது என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். சின்ன வயதில் போலியோ வந்ததை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பம் போடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தனித்துவ அடையாள அட்டை (UDID) இரண்டின் நகலும் தயாராக இருக்கட்டும். கிடைத்தால் முதல் கூட்டத்திலேயே பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். அடுத்து கட்டப்போகிற கட்டடம் எது, அதன் மதிப்பீடு எங்கே என்று மட்டும் கேளுங்கள். சிமெண்ட் கொட்டுவதற்கு முன் கேட்பதுதான் முக்கியம். கிடைக்கவில்லை என்றாலும் கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை நடக்கிறது, கையில் டேப்போடு போங்கள்.

எங்கள் சுகாதார நிலையத்தில் கழிவறைக் கதவு 24 அங்குலம். தம்பியின் வண்டி இருபத்தைந்தரை. அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் இதிலேயே சேர்க்கிறேன். அளவு எடுப்பதில், மனு எழுதுவதில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். பகலில் தையல் இருக்கும், இரவு ஒன்பதுக்கு மேல் பதில் போடுவேன்.