மகள் விக்கிப்பீடியாவில் செலவிடும் நேரம் வீணா?

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து விக்கிப்பீடியாவில் குற்ற உளவியல் கட்டுரைகளைத் திருத்துகிறாள். சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை, இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எப்படித் திருத்துகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே கணிக்கும் 'புரொஃபைலிங்' பற்றிப் படித்தால், நியூயார்க் குண்டு வழக்கு கட்டாயம் வரும். 1940 முதல் 1956 வரை அந்த ஊரில் குண்டு வைத்தவர் ஜார்ஜ் மெட்டெஸ்கி. பிடிபடும்போது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை மாட்டியிருப்பார் என்று மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸ்ஸல் முன்பே சொன்னார், அது அப்படியே பலித்தது என்பார்கள். நல்ல மாணவி இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். இதை யார், எப்போது எழுதினார்கள்? கைது நடந்தது 1957 ஜனவரியில். பிரஸ்ஸல் தன் அனுபவ நூலை வெளியிட்டது 1968-ல். அவர் கணிப்பைப் பற்றி நாளிதழில் செய்தி வந்ததோ 1956 டிசம்பரில், கைதுக்கு முன்பே. கோட் சங்கதி அந்தச் செய்தியில் இருக்கிறதா, பிற்பாடு எழுதியதில் மட்டும்தானா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போலீஸ் கதவைத் தட்டியபோது மெட்டெஸ்கி பைஜாமாவில் இருந்தார், கோட்டை அதன்பிறகுதான் போட்டுக்கொண்டார் என்பதும் கட்டுரையில் வர வேண்டும். அவர் பெயரைக் கண்டுபிடித்ததே, அவர் முன்பு வேலை பார்த்த மின் நிறுவனத்தின் ஊழியர் ஆலிஸ் கெல்லி. பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டி, மிரட்டல் கடிதங்களில் இருந்த சொற்களை அங்கே அடையாளம் கண்டார். அந்தப் பெண்ணை ஒரு வரியில் தள்ளிவிட்டு மருத்துவரை மட்டும் புகழும் கட்டுரையைத் திருத்தத்தான் வேண்டும்.

ஒரு பத்தியைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அந்த நேரம் வீண் இல்லை, அம்மா. நாளை நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும்போது அவளுக்கு வேண்டியது இதே பழக்கம்தான்: அன்றைக்கே பதிவானது எது, பிறகு சேர்ந்தது எது என்று பிரித்துப் பார்ப்பது.

சொந்தக் கருத்தை எழுத விக்கிப்பீடியாவில் இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் சான்று வேண்டும். உயிரோடிருப்பவர்களைப் பற்றி, அதுவும் தீர்ப்பு வராத வழக்கில், எழுதுவதில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் திருத்தியதை யாராவது நீக்கினால் மல்லுக்கு நிற்காமல், அந்தக் கட்டுரைக்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்கட்டும். நம் நாட்டு விவரங்களையும் அவள் சேர்க்கலாம். உதாரணமாக, நார்கோ பரிசோதனை (மருந்து செலுத்தி விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவிச் சோதனை), மூளை வரைபடச் சோதனை (மூளை அலைகளைப் பதிவுசெய்வது) ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழிலும் இதைத் தெளிவாக எழுத ஆள் வேண்டும்.

மேற்படிப்புக்குக் காந்திநகர் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். குற்றவியல் பக்கம் போவதானால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை, வெறும் எம்.எஸ்சி. போதாது. சேர்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது அவள் திருத்திய ஒரே ஒரு கட்டுரையின் பழைய வடிவத்தையும் இன்றைய வடிவத்தையும் அச்சிட்டு எடுத்துப் போகட்டும். எதை ஏன் மாற்றினாள் என்று ஐந்து நிமிடம் பேசத் தெரிந்தால் போதும்.