கட்டில் வாங்க யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. கோவை சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. ஆறு மாதமாகக் கழுத்தும் வலது தோள்பட்டையும் வலிக்கின்றன. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரையும் சில பயிற்சிகளும் கொடுத்தார். குறைந்தது, முழுதாகப் போகவில்லை. தோழி அக்குபஞ்சர் போகச் சொல்கிறாள். எனக்கு ஊசி என்றாலே பயம். போகலாமா? இன்னொன்று. போன மாதம் வந்த அத்தை, “இன்னும் ஹாஸ்டல் ரூம் மாதிரியே வச்சிருக்கியே” என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் மெத்தை, ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, குறுக்கே துணிக்கொடி. உண்மைதான். வயதுக்கேற்ற வீடாக இதை எப்படி மாற்றுவது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: இரண்டு கேள்வி என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். தரையில் மெத்தை என்று படித்ததும் எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் பட்டது. சரி, ஊசியிலிருந்தே வருகிறேன். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடலாம்.

எனக்கு 53 வயதில் இடது தோள் இறுகிப்போனது. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னல் போட முடியாது, மேல் அலமாரியில் இருந்து பருப்பு டப்பாவை எடுக்க முடியாது. முதலில் போன இடத்தில் ஊசிகளை ஒரு தட்டில் திறந்தபடி வைத்திருந்தார்கள். அப்படியே எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவதாகப் பார்த்தவர் இயற்கை மருத்துவம் படித்த டாக்டர். என் கண் முன்னால் உறையைக் கிழித்து ஊசியை எடுத்தார். கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். மருந்து ஏற்றும் ஊசி மாதிரி உள்ளே துளை கிடையாது, எதையும் உள்ளே செலுத்துவதும் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து மேலே விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் போட்டது மட்டும் வேறு மாதிரி. வலி இல்லை, உள்ளங்கை முழுவதும் கனத்துப் போய் ஒரு மந்தமான ஊறல். அந்தக் கனம் வர வேண்டும் என்றுதான் அவர்களே எதிர்பார்க்கிறார்கள். இருபது நிமிடம் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தேன். மூன்றாவது தடவை தூங்கியே போனேன்.

எட்டாவது தடவை முடிந்தபோது டப்பா கைக்கு எட்டியது. ஆனால் இந்தத் தோள் இறுக்கம் பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவும் இளகிவிடும். ஊசி எவ்வளவு செய்தது, காலம் எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,100 பேருக்கு மேல் சேர்த்தார்கள். முறைப்படியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் ஆறு மாதம் கழித்து நல்ல நிவாரணம் கண்டவர்கள் 48 சதவீதத்தை ஒட்டி. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44 சதவீதம். மாத்திரை, பயிற்சி என்று வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களில் 27 சதவீதம். அதாவது நிவாரணம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அந்தப் புள்ளிகள்தான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. ஒருவர் நிதானமாகத் தொட்டுப் பார்த்ததும், அசையாமல் படுத்திருந்ததும்கூட வேலை செய்திருக்கலாம். எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. வலி குறைந்தால் போதும்.

அதனால் போய்ப் பாருங்கள். ஆறு தடவை கொடுத்துப் பாருங்கள், மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு படித்தவர்களுக்குப் பாடத்திலேயே அக்குபஞ்சர் உண்டு. பல அரசு மருத்துவமனைகளிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இந்தச் சிகிச்சை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். நம் ஊரில் ஊசியே இல்லாமல் ஒற்றை விரலால் தொடுவதையும் அக்குபஞ்சர் என்றுதான் சொல்கிறார்கள், எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேறு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி அவதிப்பட்டவர்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ, ஊசி வேண்டாம், அன்றே உங்கள் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் வீடு.

அந்த மெத்தையில் சுவரில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத்தானே வேலை பார்க்கிறீர்கள்? வாரத்தில் மூன்று நாள், எட்டு மணி நேரம் கழுத்து குனிந்தே இருந்தால் எந்த ஊசியின் பலன் நிற்கும்? நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். சம்பளம் வாங்குகிற பெண், பத்து வருடமாக ஒரு கட்டில் ஏன் வாங்கவில்லை? எனக்குத் தெரிந்த நிறைய பெண்களிடம் இதற்கு ஒரே பதில்தான். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கல்யாணத்தின்போது சீராக வரும், இப்போது வாங்கினால் இரட்டைச் செலவு. அம்மாக்களே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் கல்யாணம் வரும்வரை வீடு தற்காலிகமாகவே நிற்கிறது. கல்யாணம் செய்துகொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம். ஆனால் முதுகு இன்றைக்கே எங்கேயாவது படுத்தாக வேண்டும்.

கட்டிலை முதலில் வாங்குங்கள். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அந்த உயரம் போதும். அடுத்து மேஜை, முதுகு சாயும் நாற்காலி. லேப்டாப்பின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, கீபோர்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இவை வந்தாலே அத்தை சொன்னதில் பாதி போய்விடும். ஹாலில் வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு, 2,700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் பல்பை மூலையில் ஒரு விளக்கில் மாட்டிப் பாருங்கள். சாயங்காலம் அதே ஹால் உங்களை உட்காரச் சொல்லும். துணிக்கொடியைக் கழற்றிவிட்டு பால்கனிக்கு மடக்கு ஸ்டாண்டு. ஜன்னல் திரை ஜன்னலோடு முடியாமல் தரை வரை இறங்கட்டும். ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்புக்கு நீங்கள் அலைய வேண்டாம், சென்னிமலை உங்களுக்குப் பக்கம். கைத்தறி விரிப்பு முதல் துவையலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பத்தாவது துவையலில் அதன் மேல் படுக்கும் சுகமே தனி. பவானி ஜமக்காளம் ஒன்றை ஹாலில் விரித்தால் நாலு பேர் வந்தாலும் இடம் உண்டு. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

என் சித்தி பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 41 வயது வரை ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக வாடகை அறையில் இருந்தார். 1979இல் ஒரு நாள் தேக்குக் கட்டிலும், கூடவே ஒரு பித்தளை அடுக்கும் வாங்கி வந்தார். அடுக்கு இப்போது என் சமையலறையில் இருக்கிறது. வீட்டில் மற்ற பாத்திரங்களில் எல்லாம் இன்னார் திருமணத்துக்கு இன்னார் அன்பளிப்பு என்று இருக்கும். அந்த அடுக்கின் விளிம்பில் புள்ளி புள்ளியாக அவர் பெயரும் வருடமும் மட்டும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்து மங்கிவிட்டது. 79 இன்னும் விரலில் தட்டுப்படுகிறது.

கட்டில் வாங்குகிற அன்று பாத்திரக் கடைக்கும் போய்விட்டு வாருங்கள். பெரியதாக ஒன்றும் வேண்டாம், ஒரு எவர்சில்வர் தூக்கு போதும். பில் போட்டதும், “என்ன பேர் வெட்டணும்?” என்று மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இனிஷியலோடு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.